பவர் பட்டன் வேலை செய்யவில்லை, நீல பிளக் இறங்க மறுக்கிறது: என்ன செய்வது?

கேள்வி: பாகங்களை வாங்கி முதல்முறையாக நானே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்திருக்கிறேன். கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் ஒயர்களை மாட்டிவிட்டு பவர் பட்டனை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. மதர்போர்டில் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிகிறது. நீல நிற யுஎஸ்பி பிளக் பாதிதான் இறங்குகிறது. இன்னும் அழுத்தலாமா? சின்ன ஒயர்களை மாற்றி மாட்டி போர்டை எரித்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் அந்த நீல பிளக்கிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். அதை அழுத்தவே வேண்டாம். சின்ன ஒயர்களைப் பற்றிய பயத்தையும் விட்டுவிடலாம். முதல் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள் எல்லோரும் பயப்படுவது அந்தப் பொடி ஒயர்களுக்குத்தான். ஆனால் நான் பார்த்தவரை போர்டைக் கெடுப்பது, யாரும் யோசிக்காமல் அழுத்தி மாட்டும் பெரிய பிளக்குகள்தான்.

போர்டில் எரியும் விளக்கு நல்ல சேதி. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) காத்திருப்பு மின்சாரம், அதாவது கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் வரும் மின்சாரம், வருகிறது என்று அர்த்தம். பவர் பட்டனின் வேலை ரொம்ப எளிது: அழுத்தும் அந்தக் கணத்தில் இரண்டு பின்களை ஒன்றோடொன்று தொடவைக்கிறது, அவ்வளவுதான். அதனால் பவர் சுவிட்ச், ரீசெட் சுவிட்ச் இரண்டுக்கும் பிளஸ், மைனஸ் கிடையாது. எப்படித் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும். எல்இடி ஒயர்களுக்கு மட்டும் பக்கம் உண்டு. பெரும்பாலும் கலர் ஒயர் பிளஸ், வெள்ளை அல்லது கறுப்பு ஒயர் மைனஸ். மாறிப்போனால் விளக்கு எரியாது. திருப்பி மாட்டினால் எரியும்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பவர் சுவிட்சின் பிளக், பின் வரிசையின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு ஓட்டையில் பின் இருக்கிறது, மற்றது வெறும் இடத்தின் மேல் நிற்கிறது. கோளாறு அங்கேதான்.

இது ஏன் நடக்கிறது என்றால், அந்த இடத்தில் வரிசைக்கு 5 வீதம் 10 பின் இருக்க வேண்டும். ஆனால் மூலையில் ஒன்று வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். பெரும்பாலான போர்டுகளில் வரும் 9 பின் அமைப்பு இதுதான்: ஒரு வரிசையில் 1, 3 ஹார்டு டிஸ்க் விளக்கு; 5, 7 ரீசெட்; 9 சும்மா இருக்கும். எதிர் வரிசையில் 2, 4 பவர் விளக்கு. 6, 8 பவர் சுவிட்ச். 10ஆம் பின் இருக்காது. நீங்கள் 8ஆம் பின்னிலும் இல்லாத 10ஆம் பின்னிலும் மாட்டியிருக்கிறீர்கள். ஒரு பின் உள்ளே தள்ளி மாட்டுங்கள். 9ஆம் பின்னில் சில போர்டுகளில் 5 வோல்ட் இருக்கும், அதில் எதையும் மாட்டாதீர்கள். சில போர்டுகளில் ஸ்பீக்கர் பின்களும் சேர்ந்து 20 பின் வரிசையாக இருக்கும், அதில் இடங்கள் மாறும். எதுவானாலும் போர்டோடு வந்த புத்தகத்தில் உள்ள படம்தான் கடைசி வார்த்தை. அந்தப் படத்தை போர்டு இருக்கும் திசைக்கே திருப்பிப் பிடித்துக்கொண்டு பாருங்கள். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அரை நாளைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

மாட்டுவதற்கு முன் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்சை அணைத்து, போர்டில் உள்ள விளக்கு அணையும்வரை காத்திருங்கள். கேபினெட்டைப் படுக்கவைத்து, டார்ச் அடித்துக்கொண்டு, கிராபிக்ஸ் கார்டு மாட்டுவதற்கு முன்பே இந்த வேலையை முடிப்பது நல்லது. கார்டு வந்துவிட்டால் விரல் நுழையாது.

இடம் மாற்றியும் பட்டன் வேலை செய்யவில்லை என்றால், அந்தப் பிளக்கைக் கழற்றிவிட்டு, மின்சாரம் இருக்கும்போது 6, 8 பின்களை மட்டும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். மின்விசிறி சுற்றினால் போர்டு நலம், குறை பட்டனிலோ ஒயரிலோதான். அப்போது ரீசெட் சுவிட்சின் பிளக்கை எடுத்து பவர் பின்களில் மாட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே வகை சுவிட்ச் என்பதால் ரீசெட் பட்டனே கம்ப்யூட்டரை எழுப்பும். பவர் பட்டன் கெட்டுப்போன கேபினெட்டுகளில் வருஷக்கணக்காக இப்படியே ஓட்டுகிறவர்கள் உண்டு. ஸ்க்ரூடிரைவருக்கும் அசையவில்லை என்றால் முன்பக்க ஒயர்களை மறந்துவிட்டு, 24 பின் மின்கேபிளும் பிராசஸருக்கான கேபிளும் முழுதாக இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

பவர் விளக்கின் பிளக் சில கேபினெட்டுகளில் மூன்று ஓட்டையாக, நடு ஓட்டை காலியாக வரும். போர்டிலோ பக்கத்துப் பக்கத்தில் இரண்டே பின். குண்டூசி முனையால் பிளக்கின் ஓரத்தில் உள்ள சின்ன பிளாஸ்டிக் நாக்கை லேசாகத் தூக்கினால் ஒயர் வெளியே வரும். அதை நடு ஓட்டைக்கு மாற்றிச் செருகிவிடலாம்.

இனி நீல பிளக். அது யுஎஸ்பி 3.0. போர்டில் அதற்கு 19 பின். மற்ற இடங்களில் பின்களுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர் இருக்கும், இதில் 2 மில்லிமீட்டர்தான். பின்களும் மெல்லியவை. அதன் கேபிளோ தடித்து முறுக்கிக்கொண்டு நிற்கும். கேபிள்தான் தடுக்கிறது என்று நினைத்து ஒருமுறை நான் அழுத்தினேன். கழற்றிப் பார்த்தால் இரண்டு பின்கள் தரையோடு படுத்துக் கிடந்தன. லெட் போடாத மைக்ரோடிப் பென்சிலின் முனையை அந்தப் பின்னின் மேல் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினேன். பிழைத்தது. ஆனால் இரண்டாம் முறை வளைத்தால் பின் ஒடிந்துவிடும்.

ஆகவே நீங்களும் மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். கேபிளைப் பிடித்து இழுக்காதீர்கள். பின்களைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பிளக்கின் உடம்பைப் பிடித்து, நீளவாக்கில் மெல்ல ஆட்டி எடுங்கள். டார்ச் அடித்து 19 பின்னும் நேராக நிற்கின்றனவா என்று எண்ணுங்கள். பிளக்கின் ஒரு பக்கத்தில் மேடு இருக்கும், கூட்டில் அதற்குரிய பள்ளம் இருக்கும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால்தான் இறங்கும். வளைந்த 5 வோல்ட் பின் பக்கத்து டேட்டா பின்னைத் தொட்டபடி மின்சாரம் போனால்தான் நிஜமான சேதம். அதனால் ஸ்க்ரூடிரைவர் சோதனை முடியும்வரை இந்தப் பிளக் கழன்றே இருக்கட்டும். பின் ஒடிந்திருந்தாலும் கேபினெட்டின் முன்பக்க போர்ட் (யுஎஸ்பி செருகும் துளை) வீணாகிவிடாது. 19 பின் பிளக்கை 9 பின் யுஎஸ்பி 2.0 இடத்தில் மாட்டும் அடாப்டர் கிடைக்கிறது. வேகம் குறையும், மற்றபடி வேலை செய்யும்.

யுஎஸ்பி 2.0 பிளக்குக்கும் ஆடியோ பிளக்குக்கும் வித்தியாசம் ஒரே ஒரு ஓட்டையில்தான் இருக்கிறது. யுஎஸ்பியில் அடைபட்ட ஓட்டை மூலையில் இருக்கும், ஆடியோவில் மூலைக்கு ஒன்று உள்ளே. அழுத்தாமல் இறங்கினால்தான் அது சரியான இடம். கொஞ்சம் பழைய போர்டாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை: ஃபயர்வயர் என்ற பழைய இணைப்புக்கான பின்களும் யுஎஸ்பி 2.0 போலவே 9 பின், அதே மூலையில்தான் காலி. ஆனால் யுஎஸ்பியில் எர்த் வரும் இடத்தில் அங்கே 12 வோல்ட் வரும். தெரியாமல் மாட்டினால் செருகும் பென் டிரைவோ போர்டோ போய்விடும். பின்களுக்குப் பக்கத்தில் போர்டில் உள்ள எழுத்தைப் படிக்காமல் வடிவத்தை மட்டும் நம்பி மாட்டக் கூடாது என்று நான் ஒவ்வொருவரிடமும் கெஞ்சுவது இதனால்தான்.

ஆடியோ கேபிளில் எச்டி ஆடியோ, ஏசி 97 என்று இரண்டு பிளக் தொங்கினால் எச்டி ஆடியோவை மட்டும் மாட்டுங்கள். மற்றது பழைய முறை. அதை மாட்டினால் ஹெட்போன் செருகியதை கம்ப்யூட்டர் தானாகக் கண்டுகொள்ளாது.

எல்லாம் மாட்டி கம்ப்யூட்டர் எழுந்ததும், போட்டோக்கள் வைத்திருக்கும் பென் டிரைவை முன்பக்க போர்ட்டில் முதலில் செருகாதீர்கள். பழைய மவுஸ் ஒன்றை ஒவ்வொரு போர்ட்டிலும் செருகிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து, திரையில் அம்புக்குறி நகர்ந்தால் அந்த போர்ட்டை நம்பலாம்.