செய்மதி இரண்டு நிமிடம் முந்தி வந்தால் விழப்போகிறதா?

வெள்ளவத்தைத் தொடர்மாடியிலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "மாத ஆரம்பத்தில் எடுத்த அட்டவணையை வைத்து மகன் மொட்டைமாடியில் செய்மதிகளைப் பார்க்கிறான். நேற்று ஒரு பழைய ராக்கெட் பாகம் இரண்டு நிமிடம் முந்தி வந்தது. அடுத்த மாதம் 14ஆம் திகதி அது கொழும்பில் விழும் என்கிறார் தொலைநோக்கி விற்பவர். உண்மையா?"

மகன் பார்த்தது உண்மை. விற்பவர் சொன்னது பொய். உயரே உள்ள மெல்லிய காற்று உரசுவதால் செய்மதி இறங்குகிறது. இறங்க இறங்கச் சுற்று சிறுக்கிறது, வேகம் கூடுகிறது, முந்தி வருகிறது. தாழ்வாகச் சுற்றும் எல்லாவற்றுக்கும் இதுதான் நிலை. பழைய அட்டவணை அதைக் காட்டாது. செய்மதிகள் வரும் நேரத்தைக் கணித்துத் தரும் ஹெவன்ஸ் அபவ் இணையதளத்தில் புதிய நேரக் கணக்கு இலவசமாகவே கிடைக்கிறது.

அந்த மனிதருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வெறுங்கண்ணுக்குத் தெரிவதற்குத் தொலைநோக்கி எதற்கு? அதன் சின்னஞ்சிறு பார்வை வட்டத்தைச் செய்மதி கண் இமைக்குமுன் கடந்துவிடும். வாரக்கணக்கில் முன்னதாகத் திகதி குறிப்பவர் எவரையும் நம்பாதீர்கள். சூரியன் சீறினால் மேல்வளி உப்பிக் கணக்கு குலையும். 2022 பெப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செய்மதிகளில் 38 அப்படித்தான் அழிந்தன. விழ 10 நாள் இருக்கையில் கணக்கு 2 நாள் முன்பின்னாகலாம். ஒரு நிமிடம் பிசகினாலே இடம் 450 கிலோமீட்டர் தள்ளிப்போகும். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரைகூட அவ்வளவு தூரமில்லை! அந்த "முன்பின்" என்ற பாதியை வெட்டி, நேரத்தை மட்டும் செய்தியாக்கும் பழக்கம் என்றைக்குத்தான் ஒழியுமோ? 2021 மே மாதம் சீன ராக்கெட் மாலைதீவுக்கு மேற்கே விழுமுன் நாம் பட்ட பதற்றத்தில் பாதி அதனால் வந்தது.

"2015 நவம்பர் 13 அன்று இலங்கையின் தென்கடலுக்கு மேல் விண்குப்பை ஒன்று வந்ததை மட்டும் நேரம் தவறாமல் சொன்னார்களே?" என்பீர்கள். சொன்னார்கள். டபிள்யூடி1190எஃப் என்ற அந்தத் துண்டு நிலவுக்கும் அப்பால் போய்த் திரும்பிய பொருள். நமது செய்மதிகள் நாளுக்குப் பதினைந்து, பதினாறு தடவை காற்றை உரசியபடி தேய்ந்து இறங்குகின்றன. அதுவோ காற்றில் தேயாமல், எறிந்த கல்லைப்போல நேராக வந்து ஒரே பாய்ச்சலில் நுழைந்தது. அதனால்தான் பல வாரங்களுக்கு முன்பே நாளும் நேரமும் தெரிந்தன, முற்பகல் 11.48 அளவில் எரிந்தது. உங்கள் மகன் பார்ப்பது அந்த வகையல்ல.

அவனுக்கு ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். சித்திரை, சுவாதி நட்சத்திரங்களுக்கு இடையிலுள்ள கற்பனைக் கோட்டைச் செய்மதி வெட்டும் நொடியைக் குறிக்கட்டும். அன்றைய கணக்கோடு ஒப்பிட்டு, எத்தனை நொடி முந்தியது என்று ஒவ்வொரு மாலையும் எழுதட்டும்.