மரச்சட்டமும் கான்கிரீட் தளமும்: மகளின் மேற்படிப்பு குறித்து ஒரு தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் கடிதத்தை நிதானமாக இரண்டு முறை படித்தேன். சிவில் என்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், மரத் தூண்களும் மர உத்திரங்களும் கொண்ட சட்டத்தின் மேல் கான்கிரீட் தளங்களை அமைத்துக் கட்டப்படும் பல்லடுக்கு வாகன நிறுத்தகங்களைப் பற்றிப் படித்துவிட்டு, அந்தத் துறையிலேயே மேற்படிப்புக்கு வெளிநாடு போக வேண்டும் என்கிறார். முப்பது ஆண்டுகளாகச் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுக் குடும்பத்தை வளர்த்த உங்களுக்கோ, மரத்தின் மேல் மாடி மாடியாகக் கார் நிற்கும் என்பதே நம்பும்படியாக இல்லை. அது தாங்குமா, தீப்பிடித்தால் என்ன ஆகும், அதைப் படித்தவருக்கு வேலை கிடைக்குமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் பதில் தெரியாமல் மூன்றாவதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதால், அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

தாங்குமா என்பதை உங்கள் தொழிலின் மொழியிலேயே பார்க்கலாம். கார் நிறுத்தும் தளத்தை வடிவமைக்கும்போது ஐரோப்பாவில் பல இடங்களில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ எடையைக் கணக்கில் கொள்கிறார்கள். நம் நாட்டுத் தரக் குறியீடு குடியிருப்பு அறைக்கே 200 கிலோ கொள்கிறது. 12 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளமோ, தன் சொந்த எடையிலேயே ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோ வரும். ஆகவே, உத்திரத்தின் மேல் நிற்கும் காரைவிட அதன் மேல் கிடக்கும் தளம்தான் கனமானது. கார் என்றதும் மனத்தில் எழும் பயத்தை இந்த ஒரு கணக்கே பாதி குறைத்துவிடும்.

இனி அந்தத் தளமும் உத்திரமும் சேர்ந்து உழைக்கும் விதம். தளத்தில் கம்பியை அடிப்பக்கம் கட்டுவது ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. பளு ஏறும்போது உத்திரத்தின் மேற்பக்கம் அழுந்துகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. மர-கான்கிரீட் கூட்டுக் கட்டுமானத்தில் மேலே இருக்கும் கான்கிரீட் அழுத்தத்தை ஏற்க, கம்பி செய்யும் வேலையைக் கீழே இருக்கும் மரம் பெருமளவுக்குச் செய்கிறது. இங்கே மரம் என்பது ஒரே அடிமரத்தில் அறுத்த கட்டை அன்று. ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரத்தின் பலகைகளை உலர்த்தி, பசையிட்டு அடுக்கி, ஆலையில் அழுத்திச் செய்யும் குளூலாம் உத்திரம். கார் நிற்க இரு பக்கமும் ஐந்தைந்து மீட்டர், நடுவே ஓடுபாதைக்கு ஆறு மீட்டர் என்று 16 மீட்டர் அகலத்தை இடையில் தூண் இல்லாமல் கடக்க வேண்டிய வாகன நிறுத்தகத்துக்கு, எடை குறைந்த இந்த நீண்ட உத்திரம் நன்றாகப் பொருந்துகிறது. சட்டத்தின் எடை குறைவதால் அஸ்திவாரத்தின் சுமையும் குறைகிறது.

ஆனால் உயிர்நிலை உத்திரத்திலும் இல்லை, தளத்திலும் இல்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. வேலை நடக்கும் இடத்திலேயே மகளோடு இதைச் செய்து பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு சாரப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரு முனைகளிலும் செங்கல் கொடுத்து, நடுவில் ஏறி நில்லுங்கள். பலகைகள் வளையும்போது முனையில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதைக் கண்ணால் பார்க்கலாம். பிறகு அதே பலகைகளைப் பசையிட்டு ஒட்டி, நன்றாகக் காய்ந்தபின் ஏறி நின்றால், முன்பு வளைந்ததில் நான்கில் ஒரு பங்குதான் வளையும். மரம் அதே மரம், எடை அதே எடை. வழுக்கல் நின்றதே வித்தியாசம். மரத்தையும் கான்கிரீட்டையும் இப்படி வழுக்காமல் பிடிப்பதற்கு உத்திரத்தின் முதுகில் சாய்கோணத்தில் நீண்ட திருகாணிகளை இறக்கி, அவற்றின் தலைகள் கான்கிரீட்டுக்குள் புதையும்படி விடுவார்கள். அல்லது தச்சர் காடி எடுப்பதுபோல மரத்தில் பள்ளம் வெட்டி, கான்கிரீட்டை அதற்குள் பல்லாக இறங்கச் செய்வார்கள். எந்த இணைப்பும் ஒட்டாத பலகைக்கும் ஒட்டிய பலகைக்கும் இடைப்பட்ட ஒரு நிலையில்தான் நிற்கும். அது எந்த நிலை என்றும், கான்கிரீட் சுருங்கி, மரம் ஆண்டுக்கணக்கில் மெல்லத் தொய்ந்தபின் அது எவ்வளவு மாறும் என்றும் கணக்கிடுவதுதான் உங்கள் மகள் கற்க விரும்பும் பாடம். இந்தக் கூட்டுக் கட்டுமானத்துக்கென்று ஐரோப்பியத் தரநிலை அமைப்பு தனி வடிவமைப்பு ஆவணம் வெளியிட்டதே 2021-இல்தான். துறை எவ்வளவு இளமையானது என்பதை இதிலிருந்து அறியலாம்.

இது நமக்கு முற்றிலும் அந்நியமான யோசனையும் அன்று. சென்னையின் பழைய வீடுகளில் தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின்மேல் மெல்லிய செங்கல்லைக் குறுக்குச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் போடும் மெட்ராஸ் டெரஸை நீங்கள் எத்தனையோ முறை இடித்திருப்பீர்கள். அந்தத் தளம் பெரும்பாலும் எங்கே கெட்டுப்போயிருந்தது என்று நினைத்துப் பாருங்கள். நடுவில் நல்ல வைரமாக இருக்கும் கட்டை, சுவருக்குள் நுழையும் முனையில் மட்டும் விரலால் கிள்ளினால் உதிரும். பளுவைத் தாங்கிய மரம் மழைநீர்க் கசிவைத் தாங்கவில்லை. வாகன நிறுத்தகத்திலும் இதுவே முதல் எதிரி. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மக்க வைக்கும் பூஞ்சை வளராது. ஆனால் குளிர் நாடுகளில் ஒவ்வொரு காரும் சக்கரத்தில் பனியையும், பனியைக் கரைக்கச் சாலையில் தூவிய உப்பையும் சுமந்துகொண்டு மாடிக்கு வருகிறது. அந்த உப்புநீர் தளத்தின் இணைப்பிடுக்குகள் வழியே இறங்கினால், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, மரத்துக்குள் இருக்கும் திருகாணி, மரம் ஆகிய மூன்றையும் ஒருசேரக் கெடுக்கும். ஆகவே நீர் வடியத் தளத்துக்குச் சரியான வாட்டம், நீர்த்தடுப்புப் பூச்சு, இணைப்பிடுக்குகளின் பாதுகாப்பு, மழைச்சாரல் படாதபடி வெளிமுகத்தில் நிழல் மறைப்பு ஆகியவை அழகுக்காகச் செய்யப்படுவன அல்ல. கட்டடத்தின் ஆயுளே அவற்றில் இருக்கிறது. கான்கிரீட் மட்டும் இருந்தால் கவலை இல்லை என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரில் 1965-இல் கட்டப்பட்ட ஒரு கான்கிரீட் வாகன நிறுத்தகத்தின் மேல்தளத்தில் ஒரு பகுதி 1997 மார்ச் 20 அன்று இடிந்து விழுந்தது. கான்கிரீட் சிதைந்து வலுவிழந்திருந்தது. அது விடியலுக்கு முந்தைய நேரம் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை.

தீயைப் பற்றிய உங்கள் அச்சத்தை நான் ஒதுக்கமாட்டேன். கனமான மர உத்திரம் விறகுபோலப் பற்றி எரிந்து விழுந்துவிடாது. வெளிப்புறம் கரியாக மாறி, அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசமாக நிற்கும். ஊசியிலை மரம் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர் வீதம் கரிகிறது என்று ஐரோப்பியக் குறியீடு கணக்கிடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 42 மில்லிமீட்டர் போகும் என்று அறிந்து, அதற்கும் சற்று அதிகமாகவே கூடுதல் தடிமன் கொடுத்து உத்திரத்தை வடிவமைக்கிறார்கள். ஆயினும் இன்றைய கார்களில் பிளாஸ்டிக் மிகுதி, தீயும் கடுமை. 2017 டிசம்பர் 31 அன்று லிவர்பூலிலும், 2023 அக்டோபர் 10 அன்று லண்டனுக்கு அருகிலுள்ள லூட்டன் விமான நிலையத்திலும் வாகன நிறுத்தகங்கள் எரிந்தபோது, ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் அழிந்தன; லூட்டனில் கட்டடத்தின் ஒரு பகுதியே சரிந்தது. அவை மரக் கட்டடங்கள் அல்ல. மரம் அந்த நெருப்புக்குக் கூடுதல் எரிபொருளாகும் என்பதால், தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இல்லாமல் இத்தகைய கட்டடத்தை எழுப்பக் கூடாது என்பது என் கருத்து. உங்கள் மகளுக்குக் கணிதமும் வெப்பவியலும் பிடிக்குமானால், தீப் பாதுகாப்புப் பொறியியல் தனியே ஒரு நல்ல வழி. கெண்ட், லுண்ட், எடின்பரோ பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் முதுகலைப் படிப்பு அதற்கு உண்டு.

இப்போது வேலை. மரச்சட்ட வாகன நிறுத்தகங்கள் எண்ணிக்கையில் சிலவே. சுவீடனின் வடக்கே ஷெலெஃப்டியோ நகரிலும், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே வெண்ட்லிங்கனிலும் உள்ளன. ஆனால் அதே கட்டும் முறை மற்ற கட்டடங்களில் பரவலாக வேரூன்றியிருக்கிறது. ஆஸ்திரியாவின் டோர்ன்பிர்ன் நகரில் 2012-இல் முடிந்த எட்டு மாடி அலுவலகமும், வியன்னாவின் 24 மாடி ஹோஹோ கட்டடமும் மரத்தோடு கான்கிரீட் சேர்ந்த தளங்களால் ஆனவை. நார்வேயில் 85.4 மீட்டர் உயரமுள்ள மியோஸ்டோர்னெட் மரக்கோபுரத்தில், காற்றில் ஆடாமல் இருக்க எடை வேண்டும் என்பதற்காகவே மேல்மாடிகளுக்குக் கான்கிரீட் தளம் போட்டார்கள். அமெரிக்காவின் மில்வாக்கியில் 2022-இல் முடிந்த 25 மாடி அசென்ட் கட்டடத்திலோ, வாகனம் நிறுத்தும் கீழ்மாடிகள் முழுக்கக் கான்கிரீட். அவற்றுக்கு மேலேதான் மரம் தொடங்குகிறது. எந்தப் பொருளை எங்கே நிறுத்த வேண்டும் என்று தீர்மானிக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு. அதனால்தான் 'மரம்' என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாம் என்று உங்கள் மகளிடம் சொல்ல விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் மட்டும்தான் வேலை பார்ப்பேன் என்றால் இந்தப் படிப்புக்குச் செலவிட வேண்டாம்; இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊசியிலைக் காடுகள் சூழ்ந்த நாடுகளில் மரம் ஆலைக்கு அடுத்த வாசலில் கிடைக்கிறது. நமக்கு அது கப்பலில் வர வேண்டும். வந்தாலும் கரையானும் கடற்காற்றும் காத்திருக்கின்றன. மரக் கட்டுமான வடிவமைப்புக்கு ஐ.எஸ். 883 என்ற இந்தியக் குறியீடு உண்டு. பெங்களூரில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும், சென்னைத் தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் உண்டு. ஆய்வுக்கும் பயிற்சிக்கும் இவற்றை அணுகலாம். ஆனால் ஒரு தலைமுறைக்குச் சோறு போடும் அளவுக்கு இத்தொழில் இங்கே வளரவில்லை. அதே சமயம், வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு வரைபடமும் விவர வடிவமைப்பும் செய்து தரும் அலுவலகங்கள் சென்னையில் பல உள்ளன. ரெவிட், டெக்லா, ஆர்ஃபெம் ஆகிய வடிவமைப்பு மென்பொருள்களோடு, மரவேலைக்கென்றே உருவான காட்வொர்க் மென்பொருளும் தெரிந்த ஒரு சிவில் பொறியாளர் அங்கே தனித்துத் தெரிவார்.

ஆகவே, முதலில் இப்போதைய படிப்பைக் கான்கிரீட்டில் வலுவாக முடிக்கட்டும். கட்டமைப்புப் பகுப்பாய்வு, கான்கிரீட் வடிவமைப்பு, எஃகு வடிவமைப்பு ஆகிய மூன்றிலும் மதிப்பெண் மட்டுமல்லாமல் தெளிவும் வேண்டும். மரம் கற்றவர்கள் வெளிநாட்டில் நிறைய இருக்கிறார்கள்; கான்கிரீட் எப்படிச் சுருங்கும், எங்கே வெடிக்கும் என்று கையால் அறிந்த ஒருவர் அவர்களுக்கு நடுவில் பயன்படுவார். அந்த அறிவு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இறுதியாண்டுத் திட்டப்பணியாக, ஒரு மீட்டர் நீளமுள்ள சிறிய மர உத்திரங்களின்மேல் கான்கிரீட் போட்டு, ஒன்றில் திருகாணி, ஒன்றில் காடி, ஒன்றில் இணைப்பே இல்லாமல் வைத்துக் கல்லூரி ஆய்வகத்தில் பளு ஏற்றிப் பார்க்கட்டும். அந்த ஒரு சோதனையின் அளவீடுகளும் புகைப்படங்களும், சேர்க்கை விண்ணப்பத்தில் பத்துச் சான்றிதழ்களைவிட அதிகம் பேசும்.

மேற்படிப்புக்கு மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஆஸ்திரியாவின் கிராட்ஸ், சுவீடனில் லூலியோ பல்கலைக்கழகத்தின் ஷெலெஃப்டியோ வளாகம், கனடாவில் வான்கூவரின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் ஆகியவை இத்துறையில் ஆழமானவை. ஜெர்மனியில் எல்லாமே இலவசம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் கட்டணம் வாங்குகிறது; முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை ஆகும். ஜெர்மன் விசாவுக்கு, மாதம் இவ்வளவு என்று மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயம். சுவீடனில் 2011 முதலே கட்டணம் உண்டு. இங்கே வங்கியில் சொத்துப் பிணையில்லாமல் பொதுவாக 7.5 லட்சம் ரூபாய் வரைதான் கல்விக் கடன் எதிர்பார்க்கலாம். அதற்குமேல் என்றால் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவரின் பெற்றோர், ஒரு முகவரின் பேச்சை நம்பி, 'பசுமைக் கட்டுமானம்' என்ற அழகான பெயர்கொண்ட படிப்புக்குப் பத்திரத்தை வைத்துப் பணம் கட்டிவிட்டார்கள். அதில் கட்டமைப்பு வடிவமைப்புப் பாடம் ஒன்றுகூட இல்லை என்பது அவர் அங்கே போய்ச் சேர்ந்த பிறகே தெரிந்தது. அந்தத் தாயின் முகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. படிப்பின் பெயரைப் பார்க்காதீர்கள்; பாடப்பட்டியலை வரவழைத்து ஒவ்வொரு பாடமாகப் படியுங்கள். ஜெர்மன் மொழி பேசும் நாடு என்று முடிவானால், இந்த மாதமே மொழி வகுப்பில் சேர்த்துவிடுங்கள். ஆங்கிலத்தில் பட்டம் வாங்கிவிடலாம்; ஆனால் கட்டுமான இடத்தில் தச்சரோடும் தள மேற்பார்வையாளரோடும் பேச அவர்களுடைய மொழி வேண்டும்.

பட்டம் முடிந்த உடனே அனுப்ப வேண்டாம் என்பது என் யோசனை. இரண்டு ஆண்டுகள் ஒரு கட்டமைப்பு வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்த்து, தான் கணக்கிட்ட ஒரு கட்டடம் எழும்புவதைப் பார்த்துவிட்டுப் போகட்டும். கடன் சுமையும் குறையும். ஆர்வம் நிலைத்ததா, வந்து போனதா என்பதும் தெரியும்.

வரும் பருவத் தேர்வு முடிந்ததும், மகளை மதிப்பெண் பட்டியல்களோடு அழைத்து வாருங்கள். அதற்கு முன், உங்களுக்குத் தெரிந்த இடத்தில் ஏதேனும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு இடிபடுகிறது என்றால் அவரை அங்கே கூட்டிச் செல்லுங்கள். சுவரிலிருந்து உருவிய கட்டையின் முனையையும் நடுப்பகுதியையும் அறுத்து அருகருகே வைத்துக் காட்டுங்கள். தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது என்று அவரே கண்டுபிடிக்கட்டும். கண்டதை வரைந்து எடுத்து வரச் சொல்லுங்கள். அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு மூவருமாக உட்கார்ந்து பேசுவோம்.