கொலோசியம் டிக்கெட்: 18 யூரோவா, 55 யூரோவா?

கேள்வி: மூன்று மாதம் கழித்து மனைவி, 15 வயது மகள், 68 வயது அம்மாவோடு ரோம் போகிறோம், அங்கே இரண்டு நாள் இருப்போம். ஓர் இணையதளத்தில் கொலோசியம் டிக்கெட் ஆளுக்கு 55 யூரோ, ‘வரிசையில் நிற்கத் தேவையில்லை’ என்கிறார்கள். நண்பர் 18 யூரோதான் என்கிறார். சீட்டு தீர்ந்துவிடும் என்று பயமாக இருக்கிறது, இப்போதே வாங்கிவிடட்டுமா? (மதுரை வாசகர்)

பதில்: இப்போது வாங்காதீர்கள். கொலோசியத்தின் அதிகாரபூர்வத் தளம் (டிக்கெட்டிங் டாட் கொலோசியோ டாட் இட்) நுழைவுச்சீட்டை 30 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. மூன்று மாதம் முன்பே ஒருவர் உங்களிடம் சாதாரணச் சீட்டு விற்கிறார் என்றால், அவர் கையில் சீட்டு இல்லை. விற்பனை திறந்ததும் வாங்கித் தருகிறேன் என்ற வாக்குறுதிக்குத்தான் காசு கேட்கிறார். கிடைக்காவிட்டால் நேரத்தை மாற்றுவார், அல்லது கடைசி நேரத்தில் ரத்து செய்து பணத்தைத் திருப்புவார். பணம் வந்துவிடும், ரோமில் உங்களுக்கு இருக்கும் இரண்டு நாளில் ஒன்று போயிருக்கும்.

நண்பர் சொன்ன 18 யூரோ சரி. கொலோசியம், அருகிலுள்ள ரோமன் ஃபோரம் (பழைய ரோமின் பொதுச் சதுக்கம்), பாலடைன் குன்று மூன்றுக்கும் சேர்த்து 24 மணி நேரச் சீட்டு அது. 18 வயதுக்குக் கீழே எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இலவசம். ஆனாலும் மகளுக்கும் பூஜ்ய விலைச் சீட்டைச் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். அம்மாவுக்குச் சலுகை கிடையாது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு இருந்த இலவசத்தை இத்தாலி 2014இல் எடுத்துவிட்டது. ஆக மூன்று பேருக்கு 54 யூரோ. அந்தத் தளத்தில் நாலு பேருக்கு 220 யூரோ ஆகியிருக்கும்.

‘வரிசையில்லை’ என்பதையும் நம்பாதீர்கள். நேரம் குறித்த சீட்டு வைத்திருக்கும் எல்லோரும் தாண்டுவது சீட்டு வாங்கும் கவுன்ட்டர் வரிசையைத்தான். பாதுகாப்புச் சோதனை வரிசையில் 18 யூரோக்காரரும் 55 யூரோக்காரரும் ஒன்றாகத்தான் நிற்பார்கள்.

பயம் முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். சில வருடங்களாக இந்தச் சீட்டுகள் தானியங்கி மென்பொருள் வழியாக மொத்தமாக அள்ளப்பட்டன. 2025 ஏப்ரலில் இத்தாலியில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம், முன்பு சீட்டு விற்றுவந்த நிறுவனத்துக்கும் ஆறு சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் போட்டது. அதற்கு முன்பே, 2023 அக்டோபரிலிருந்து, சீட்டில் பெயர் கட்டாயமாகிவிட்டது. வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள்.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இனிஷியலோடு எழுதிப் பழகியவர்கள் சீட்டிலும் ‘எஸ். முருகன்’ என்று போட்டுவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். முதல் பெயர், குடும்பப் பெயர் என்ற கட்டங்களில் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள்.

வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டைச் சீட்டு திறப்பதற்கு முந்தைய நாளே இயக்கி வையுங்கள். சீட்டு திறந்த பிறகு அதைத் தேடிக்கொண்டிருந்தால் போச்சு. அன்றைக்கு முயன்றும் கிடைக்கவில்லையா? அப்போது வழிகாட்டியோடு சேர்ந்த சுற்றுலாவை வாங்குங்கள். அதில் தவறே இல்லை. நல்ல வழிகாட்டி அந்தக் கூடுதல் விலைக்குத் தகுதியானவர். வழிகாட்டியே இல்லாமல் வெறும் சீட்டை மூன்று மடங்கு விலைக்கு வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கேள்வி: நிலவறையும் அரங்கத் தரையும் சேர்ந்த 24 யூரோ சீட்டு தேவையா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: கிடைத்தால் எடுங்கள். விலங்குகளையும் வீரர்களையும் மேலே தூக்கிவிட்ட மரத் தூக்கிகள் நின்ற இடங்களைக் கீழே போனால்தான் அருகில் பார்க்க முடியும். ஆனால் இடங்கள் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்கவில்லையே என்று இன்னொரு தளத்தில் 120 யூரோ கொடுக்கும் அளவுக்கு அது அவசியமில்லை. நிறையப் பேர் கொலோசியத்தைச் சுற்றிவிட்டு, ஏற்கெனவே காசு கொடுத்த ஃபோரத்துக்குள் நுழையாமலே ஓட்டலுக்குத் திரும்புகிறார்கள். என்னைக் கேட்டால் ரோமின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வெயிலில் நிழல் குறைவு என்பதால் ஃபோரத்தைக் காலையில் முடித்துவிடுங்கள். தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டாம். நகரெங்கும் தெருக்குழாய்களில் குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். காலி பாட்டில் போதும், அதுவும் கண்ணாடியாக இருக்கக் கூடாது, கொலோசியத்துக்குள் விடமாட்டார்கள்.

கேள்வி: டிராவல்ஸ்காரர் தந்த ஐரோப்பா பேக்கேஜில் ‘ரோம் – கொலோசியம், ஃபோரம், பாந்தியன்’ என்று போட்டிருக்கிறது. நுழைவுக் கட்டணமும் அதில் அடங்குமா? (கோவை வாசகர்)

பதில்: பெரும்பாலும் அடங்காது. பட்டியலில் உள்ள வினைச்சொற்களைப் பாருங்கள். ‘காணலாம்’, ‘ஃபோட்டோ ஸ்டாப்’, ‘பனோரமிக் டூர்’ என்று இருந்தால் பேருந்து நிற்கும், இறங்கிப் படம் எடுப்பீர்கள், ஏறுவீர்கள். ‘உள்ளே நுழைவு’, ‘நுழைவுக் கட்டணம் உட்பட’ என்று எழுத்தில் இருந்தால் மட்டுமே நம்பலாம். இரண்டு மூன்று லட்சம் கட்டிவிட்டுக் கொலோசியத்தின் வெளிச்சுவரை மட்டும் பார்த்துத் திரும்பியவர்களின் கடிதங்கள் இந்தப் பகுதிக்கு வருவது வாடிக்கை. அவர்களுக்கு எந்த நிவாரணமும் கிடைப்பதில்லை, ஏனென்றால் பட்டியலில் பொய் எதுவும் இல்லை.

முன்பணம் கட்டுமுன் மின்னஞ்சலில் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தெந்த இடத்தில் உள்ளே போகிறோம்? ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம்? சீட்டு கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள், பணத்தில் எவ்வளவு கழிப்பீர்கள்? வாட்ஸாப் குரல் பதிவில் வரும் பதில் போதாது. நாளைக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் கையில் காட்ட எழுத்து வேண்டும்.

பாந்தியன் பற்றி ஒரு வார்த்தை. 2023 ஜூலை முதல் அங்கே கட்டணம் உண்டு, தொடங்கியபோது 5 யூரோ. முன்பு இலவசமாக இருந்ததால் பல பேக்கேஜ்கள் இன்னும் பழைய வரியையே அச்சடிக்கின்றன. டிராவல்ஸ்காரர் பிடித்த டிசிஎஸ் தொகை (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) தனிக் கட்டணம் அல்ல. உங்கள் பான் எண்ணில் வரவு ஆகிவிட்டதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: நேபிள்ஸில் தங்கி, எரிமலை வெடிப்பில் புதைந்த பாம்பெய் நகருக்குப் போக நினைக்கிறேன். குழுவோடு போவதா, தனியாகவா? (சென்னை வாசகர்)

பதில்: தனியாகவே போகலாம், சிரமமில்லை. நேபிள்ஸ் கரிபால்டி நிலையத்திலிருந்து சொரெண்டோ போகும் சிர்கும்வெசுவியானா ரயிலில் ஏறி ‘பொம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தெரி’ நிலையத்தில் இறங்குங்கள். முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், வாயில் எதிரிலேயே இருக்கிறது. ‘பொம்பெய்’ என்று மட்டும் பெயர் கொண்ட வேறு நிலையமும் உண்டு. அது புது ஊருக்குள் இருக்கிறது, அங்கிருந்து நடக்க வேண்டும். ரயில் பழையது, கூட்டம் அதிகம், பணப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ‘தகவல் மையம்’ என்ற பலகையோடு சிலர் கூப்பிடுவார்கள். அவர்கள் விற்பது குழுச் சுற்றுலா, அரசுக் கவுன்ட்டர் அல்ல. அதிகாரபூர்வ வாயில் அதற்கப்பால் இருக்கிறது.

2024 நவம்பர் முதல் பாம்பெய்க்குள் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை, சீட்டிலும் பெயர் உண்டு. கோடை மாதங்களில் முற்பகல், பிற்பகல் என்று நேரமும் பிரித்திருக்கிறார்கள். ஆகவே பாம்பெய்சைட்ஸ் டாட் ஆர்க் தளம் காட்டும் இணைப்பு வழியாக முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பழைய நகருக்கு மட்டும் ஒரு சீட்டு, புறநகர் மாளிகைகளையும் சேர்த்து நாலைந்து யூரோ கூடுதலாக இன்னொன்று. இரண்டாவதை வாங்குங்கள். அடர்சிவப்புச் சுவரோவியங்கள் உள்ள வில்லா தெய் மிஸ்தெரியைப் பார்க்காமல் வந்தால் ஏன் போனோம் என்று இருக்கும்.

30 × 30 × 15 செ.மீ.க்கு மேற்பட்ட பை உள்ளே போகாது. வாயிலில் இலவசமாக வைத்துக்கொள்வார்கள். பெட்டியோடு போய்ச் சங்கடப்படாதீர்கள். பாதைகள் முழுக்க எரிமலைப் பாறை, செருப்பு உதவாது. நகரம் 66 ஹெக்டேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டியிருக்கிறார்கள். அரைநாளில் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் கால்வலிதான் மிஞ்சும்.

முழங்கால் வலிக்காரர்கள் கூட இருந்தால், அதே ரயிலில் பாதி வழியிலேயே வரும் எர்கொலானோ ஸ்காவியில் இறங்கி, அதே வெடிப்பில் புதைந்த ஹெர்குலேனியம் பாருங்கள். சிறிய இடம், கூட்டம் குறைவு, கரியாகிப்போன மரக்கதவுகளும் மாடிகளும்கூட மிஞ்சியிருக்கின்றன. முதல்முறை போகிறவருக்கும் அதையே நான் சிபாரிசு செய்வேன், சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை.

நேபிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு அரைநாள் ஒதுக்குங்கள், செவ்வாய்க்கிழமை விடுமுறை. பாம்பெயின் நல்ல ஓவியங்களும் மொசைக்குகளும் அங்கேதான் இருக்கின்றன. 1938இல் பாம்பெயில் கிடைத்த இந்தியத் தந்தச் சிலை ஒன்றும் இருக்கிறது, ‘பாம்பெய் லட்சுமி’ என்பார்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் வெடிக்கும் முன்பே நம் பக்கத்துச் சரக்கு அங்கே போயிருக்கிறது.

கேள்வி: மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் இலவசம் என்கிறார்களே? (திருச்சி வாசகர்)

பதில்: உண்மைதான். அன்றைக்குக் கொலோசியத்துக்கு முன்பதிவு கிடையாது, நேரில் வரிசையில் நின்றுதான் போக வேண்டும். ரோமில் ஒரு வாரம் இருப்பவர் முயன்று பார்க்கலாம். இரண்டு நாள் பயணிக்கு 18 யூரோவே மலிவு.

கேள்வி: விசா மறுக்கப்பட்டது. ஐரோப்பாவில் இணையத்தில் வாங்கியதை 14 நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று படித்தேன். கொலோசியம் சீட்டுக்குப் பணம் கேட்கலாமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: அந்த 14 நாள் உரிமை குறிப்பிட்ட தேதிக்கான பொழுதுபோக்குச் சேவைகளுக்குப் பொருந்தாது. ஐரோப்பிய நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவே விலக்கு தருகிறது. நீங்கள் வாங்கியது இடைத்தரகர் தளத்திலா? அப்படியானால் அவர்களுடைய ரத்து விதியைப் பாருங்கள். சில தளங்கள் 24 மணி நேரத்துக்கு முன்வரை முழுப் பணம் தருவதாகச் சொல்லும். அப்படிச் சொல்லிவிட்டுத் தரவில்லை என்றால், விதியின் ஸ்கிரீன்ஷாட்டோடு கார்டு வங்கியில் ‘சார்ஜ்பேக்’ (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவது) கோருங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

மறுபடி விண்ணப்பிக்கும்போது கொலோசியம் சீட்டு கையில் இருக்க வேண்டியதில்லை. இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குக் கேட்பது பயணத் திட்டம், தங்குமிடம், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, பண வசதிக்கான சான்று போன்றவைதான். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம்; சீட்டு திறப்பது 30 நாள் முன்பு. விசா வந்த பிறகே சீட்டு வாங்குங்கள்.