சென்னைப் பெருமழை வானிலை மாதிரியில் கடலிலேயே கொட்டிவிடுகிறதே, ஏன்?

கேள்வி: 2015 டிசம்பர் 1 மழையை டபிள்யூஆர்எஃப் என்ற கணினி வானிலை மாதிரியில் 27, 9, 3 கி.மீ. கட்டங்கள் கொண்ட மூன்று டொமைன்களில் (ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த கணக்கீட்டுப் பரப்புகளில்) ஓட்டினேன். தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ.; எனக்கு வருவது 14 செ.மீ. பெருமழை முழுக்கக் கடல்மேல் விழுகிறது. எந்த மைக்ரோபிசிக்ஸுக்கு (மேகத்துளிகள் மழையாவதைக் கணிக்கும் திட்டத்துக்கு) மாறலாம்?

பதில்: மைக்ரோபிசிக்ஸை இப்போது தொடாதீர்கள். முதலில் மழைக்கணக்கு சரியா என்று பாருங்கள். வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, அதாவது உலக நேரம் 03 மணி முதல் 03 மணி வரை. டிசம்பர் 2 தேதியிட்ட 49 செ.மீ. பெரும்பாலும் 1ஆம் தேதி பெய்ததுதான். மாதிரி தரும் ரெயின்சி (கியூமுலஸ் திட்டம் கணித்த மழை), ரெயின்என்சி (மைக்ரோபிசிக்ஸ் கணித்த மழை) இரண்டும் ஓட்டம் தொடங்கியது முதல் சேர்ந்துகொண்டே வருபவை. அவற்றைக் கூட்டி, 2ஆம் தேதி 03 மணி அளவிலிருந்து 1ஆம் தேதி 03 மணி அளவைக் கழியுங்கள்.

அடுத்து டொமைன். வடகிழக்குப் பருவமழைக்கான ஈரம் வங்கக்கடலிலிருந்து கீழைக்காற்றில் வருகிறது. வெளி டொமைனின் கிழக்கு விளிம்பு சென்னைக்குப் பக்கத்தில் நின்றால், உள்ளே வரும் காற்றோட்டம் எல்லைத் தரவின் (விளிம்பில் வெளியிலிருந்து ஊட்டும் தரவின்) நுணுக்கம் குறைந்த வடிவத்திலேயே இருக்கும். மாதிரி அதைச் செதுக்க இடமிருக்காது. விளிம்பை 95 பாகை கிழக்கு வரை தள்ளுங்கள். 3 கி.மீ. டொமைனிலும் சென்னைக்குக் கிழக்கே 200 கி.மீ. கடலாவது இருக்கட்டும். இஆர்ஏ5 என்ற ஐரோப்பிய மறுபகுப்பாய்வுத் தரவே ஏறத்தாழ 31 கி.மீ. நுணுக்கம் கொண்டது, அதை ஊட்டினால் 27 கி.மீ. டொமைன் வீண். 9, 3 இரண்டும் போதும். 9 கி.மீ.க்குக் காலப்படி (மாதிரி ஒவ்வொரு முறையும் முன்னே கணிக்கும் நேர இடைவெளி) 54 வினாடி. பிழைக்கோப்பில் சிஎஃப்எல் எச்சரிக்கை (காலப்படி மிக நீளம் என்பதற்கான அறிகுறி) வந்தால் 45 ஆக்குங்கள்.

3 கி.மீ. டொமைனில் கியூமுலஸ் திட்டம் (கட்டத்தைவிடச் சிறிய மேகங்களின் விளைவைத் தோராயமாகக் கணிப்பது) அணைந்திருக்கிறதா? பலர் தவறுவது இங்கேதான். அது இயங்கினால், வளிமண்டலத்தில் சேரும் நிலையின்மையை முன்கூட்டியே பரவலான மிதமழையாகக் கரைத்துவிடும்; ஒரே இடத்தில் அடுத்தடுத்து முளைத்துக் கொட்டும் மேகங்கள் உருவாகவே வாய்ப்பிருக்காது. 9 கி.மீ.யில் அது இருக்கட்டும்.

இதன் பிறகும் மழை கடலில் நின்றால், நவம்பர் 30 உலக நேரம் 00, 06, 12, 18 மணி என நான்கு தொடக்கங்களில் ஓட்டுங்கள். ஒவ்வொன்றிலும் முதல் 6 முதல் 9 மணி நேரத்தை ஒதுக்குங்கள். மாதிரிக்குள் மேகங்கள் நிலைபெற அவ்வளவு நேரம் பிடிக்கும். மழைப்பட்டை ஓட்டத்துக்கு ஓட்டம் 50 கி.மீ. நகர்ந்தால், கோளாறு தொடக்கநிலையில் இருக்கிறது. எந்த மைக்ரோபிசிக்ஸும் அதைத் தீர்க்காது. சென்னை டாப்ளர் ரேடார் தரவை உள்ளீடு செய்வது பலன் தரலாம்.

ஒப்பிடும்போது தாம்பரத்தின் ஒற்றைக் கட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். மழை 30 கி.மீ. தள்ளிப் பெய்தால், பெய்யவேண்டிய இடத்தில் பெய்யவில்லை, பெய்யாத இடத்தில் பெய்தது என்று ஒரே பிழைக்கு இரண்டு தண்டனை விழும். 50 கி.மீ. ஆரத்துக்குள் 20 செ.மீ.யைத் தாண்டிய பரப்பு எவ்வளவு என்று பாருங்கள். 0.25 பாகைக் கட்ட மழைத்தரவு உச்சங்களை மழுக்கிவிடும். நிலையப் பதிவுகளையே எடுங்கள்.

தாம்சன், மாரிசன், டபிள்யூஎஸ்எம்6 ஆகிய மைக்ரோபிசிக்ஸ் திட்டங்களின் ஒப்பீடு இதற்குப் பிறகுதான். அதையும் இந்த ஒரு நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டிய 2023 டிசம்பர் 17-18 மழையையும் அதே அமைப்பில் ஓட்டிப் பாருங்கள்.