பேட் அசையும் முன் கண் பேசட்டும்

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது. லிட்டில் லீக் என்னும் சிறுவர் போட்டியில் பேஸ்பால் ஆடுகிறான். பந்து வீசும் இயந்திரத்தின் முன்னால் நின்றால் விளாசித் தள்ளுகிறான். ஆட்டத்திலோ மெதுவாக வரும் பந்துக்கு முந்திக்கொண்டு பேட்டைச் சுழற்றுகிறான். தரையில் குத்தும் பந்தையும் துரத்துகிறான். கண்ணில் குறை ஏதும் இல்லை என்கிறார் மருத்துவர். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், எடிசன், நியூஜெர்சி

பதில்: அம்மா, இயந்திரத்துக்குக் கை கிடையாது. உங்கள் மகனின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பிட்சரின் (பந்து வீசுபவரின்) தோள், முழங்கை, மணிக்கட்டு, பந்து விரலை விட்டுப் பிரியும் இடம் இவற்றைப் படித்துத்தான் நல்ல பேட்டர் முடிவெடுக்கிறான். 2004இல் சாஃப்ட்பால் வீராங்கனை ஜென்னி ஃபின்ச், 43 அடி தூரத்திலிருந்து கீழ்க்கையாக வீசி, பேஸ்பாலின் நட்சத்திர பேட்டர் ஆல்பர்ட் புஹோல்ஸையே வெளியேற்றினார். புஹோல்ஸுக்குத் திறமையா குறைவு? மேல்கை வீச்சைப் படித்தே பழகிய கண்ணுக்கு அந்தக் கை புதிது.

லிட்டில் லீக்கில் பிட்சர் நிற்பது 46 அடியில். 70 மைல் வேகப் பந்து அரை நொடிக்குள் வந்துவிடும். அதில் ஒரு பங்கு பேட்டைச் சுழற்றவே போய்விடுவதால், பந்து பாதி வழி வரும் முன்பே ஆடுவதா விடுவதா என்று தீர்மானித்தாக வேண்டும்.

நான் பழக்கும் பிள்ளைகளைப் பிட்சர்கள் வீசிப் பழகும் இடத்துக்கு அழைத்துப்போய், ஹெல்மெட் மாட்டி, பேட்டுடன் நிற்கவைப்பேன். சுழற்றக் கூடாது. பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையில் அது விழும் சத்தம் கேட்கும் முன், ‘ஸ்ட்ரைக்’ (அடிக்க வேண்டிய எல்லைக்குள் வரும் பந்து) அல்லது ‘பால்’ (எல்லைக்கு வெளியே போகும் பந்து) என்று உரக்கச் சொல்ல வேண்டும். சத்தத்துக்குப் பிறகு சொன்னால் செல்லாது. சரியா தவறா என்று கேட்சர் உடனே சொல்லிவிடுவார். இது கைகூடிய பிறகுதான் பந்தின் வகையைச் சொல்லச் சொல்வேன். சேஞ்ச்அப் என்னும் மெதுவான ஏமாற்றுப் பந்தைக் கையின் வேகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கை ஃபாஸ்ட்பாலுக்கு (வேகப்பந்துக்கு) சுழல்வது போலவே சுழலும், பந்துதான் பின்தங்கி வரும். கர்வ்பால் என்னும் வளைபந்து பெரும்பாலும் கையை விட்டதும் சற்று மேலெழும்பிப் பிறகு விழும். அந்த எழும்பலைக் கண்டதும் பொறுத்துக்கொள்ளப் பழக வேண்டும்.

பிட்சர் தயாராகும்போதே அவர் கையை முறைத்துப் பார்க்கக் கூடாது; கண் களைத்துவிடும். தொப்பியையோ மார்பையோ இயல்பாகப் பார்த்திருந்து, கை மேலேறும்போது தலைக்குப் பக்கத்தில் பந்து வெளிப்படும் இடத்துக்குப் பார்வையை மாற்றச் சொல்லுங்கள்.

வீட்டில் பிளாஸ்டிக் பந்துகளில் சிவப்பு, கறுப்புப் புள்ளிகள் வைத்து மெதுவாக வீசி, நிறத்தைச் சொல்லவையுங்கள். பிட்சர்களின் காணொளியைக் கைப்பேசியில் போட்டு, பந்து கையை விட்ட கணத்தில் நிறுத்தி, எந்தப் பந்து என்று கேளுங்கள். விளையாட்டு ஆய்வாளர்களும் கையாளும் முறைதான் இது. சோபாவில் உட்கார்ந்தே செய்யலாம்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன். வேலிக்கு வெளியிலிருந்து “அடி, அடி!” என்று யாரும் கத்த வேண்டாம். அவன் தாழ்ந்த பந்தை விட்டுவிடும்போது கைதட்டுங்கள். 1941இல் .406 சராசரியில், அதாவது பத்து வாய்ப்பில் நான்குக்கும் சற்று அதிகமாக வெற்றியுடன் அடித்த பேஸ்பால் பேட்டர் டெட் வில்லியம்ஸ், அதே பருவத்தில் 147 முறை நான்கு ‘பால்’ பெற்று முதல் பேஸுக்கு நடந்துபோனார். கெட்ட பந்தை விடத் தெரிந்ததால்தான் அவருக்கு நல்ல பந்து கிடைத்தது.

கேள்வி: சென்னையில் கிரிக்கெட் ஆடிய என் மகன் இங்கே பேஸ்பாலில் சேர்ந்திருக்கிறான். பழைய பழக்கம் உதவுமா?
– ஒரு தந்தை, டல்லாஸ்

பதில்: பாதி உதவும். அஸ்வினின் கேரம் பந்தை விரலைப் பார்த்தே கண்டுகொள்ளப் பழகிய பிள்ளைக்கு, பிட்சரின் கையைப் பார்க்கத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பந்து தரையில் பட்டபின் என்ன செய்கிறது என்று காத்திருந்து பார்க்கும் பழக்கத்தை அவன் விட்டாக வேண்டும். இங்கே தரை வருமுன்பே எல்லாம் முடிந்துவிடும். முழங்காலுக்குக் கீழே வரும் பந்தைத் தோண்டி எடுத்து ஆடும் ஆசையும் இருக்கும். முதல் சில வாரங்கள் மேலே சொன்னபடி, சுழற்றாமல் நின்று சொல்லும் பயிற்சியை மட்டும் அதிகமாகக் கொடுங்கள்.