ஒரே கையெழுத்தில் முடிந்த காரியம்

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். அமெரிக்க அதிபரின் வீட்டோ அதிகாரமும் நிர்வாக ஆணையும் எனக்குக் குழம்புகின்றன. மூன்றாம் முறை அவர் வர முடியுமா என்பதும் தெரியவில்லை. ஆனால் மாதக்கணக்கில் இழுக்காமல் ஒரே கையெழுத்தில் காரியம் முடிவது பிடித்திருக்கிறது. நான் நினைப்பது சரிதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், அனுப்பும் மசோதாவைத் தடுப்பது வீட்டோ. இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் அதை மீறலாம். நிர்வாக ஆணை, அரசு இயந்திரத்துக்கு அதிபர் இடும் கட்டளை. மூன்றாம் முறை தேர்ந்தெடுக்கப்படுவதை 1951 முதல் 22-ஆம் திருத்தம் தடுக்கிறது. இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும்.

உங்கள் கடைசி வரிதான் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. கொஞ்ச நாளாக நான் 9066-ஆம் நிர்வாக ஆணையைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஜப்பானோடு மோதிக்கொண்டிருந்த நேரம், 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டது அது. ஜப்பானியர் என்ற பேச்சே அதில் கிடையாது. ராணுவம் குறிக்கும் பகுதிகளிலிருந்து யாரையும் வெளியேற்றலாம் என்று மட்டும் இருந்தது. அதைக் காட்டி, மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள்! கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். சான்டா அனிடா பந்தய மைதானத்தில் குதிரை லாயங்களில் குடும்பங்களைத் தங்கவைத்தார்கள். நீங்கள் மெச்சுகிற வேகம் இதுதான், தம்பி.

காங்கிரஸ் தடுத்ததா? அடுத்த மாதமே, மீறினால் தண்டனை என்று சட்டம் போட்டது. உச்ச நீதிமன்றமும் 1944-இல், வெளியேற மறுத்த கொரேமட்சு என்பவரின் வழக்கில் 6-க்கு 3 என்று அரசின் பக்கம் நின்றது. மறுத்து எழுதியவர்களில் ஒருவர் நீதிபதி ராபர்ட் ஜாக்சன். அவசரம் என்று சொல்லி வரும் எந்த அதிகாரியின் கைக்கும் எட்டுகிற, குண்டு நிரப்பிய துப்பாக்கி இந்தக் கொள்கை என்று எச்சரித்தார்.

அப்புறம் 1952. கொரியப் போர் சமயத்தில், வேலைநிறுத்தத்தைத் தவிர்க்க அதிபர் ட்ரூமன் ஓர் ஆணையால் உருக்காலைகளைக் கைப்பற்றினார். முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். ஏப்ரலில் ஆணை, அது செல்லாது என்று ஜூன் 2-இல் தீர்ப்பு. ஆலைகளுக்கு இரண்டே மாதத்தில் நீதி. முகாம்களில் கிடந்தவர்களிடம் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் தரச் சட்டம் வந்தது 1988-இல். அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்!

நல்ல ஆணைகளும் உண்டு, மறுக்கவில்லை. ராணுவத்தில் கறுப்பினத்தவரைத் தனியே ஒதுக்கும் வழக்கத்துக்கு எதிராக 1948-இல் ட்ரூமன் ஆணையிட்டார். ஆனால் அடுத்து வரும் அதிபர் இன்னொரு கையெழுத்தில் அதை ரத்து செய்துவிட முடியும். 1964 சிவில் உரிமைச் சட்டத்தை அப்படி அழிக்க முடியாது. காங்கிரஸின் மேலவையான செனட்டில் எதிர்ப்பாளர்கள் இரண்டு மாதத்துக்கும் மேல் பேசிப் பேசியே இழுத்தடித்தார்கள். அதையும் தாண்டித்தான் அது நிறைவேறியது. நீங்கள் சலித்துக்கொள்கிற அதே இழுபறி. அந்த விவாதத்தைத் தேடிப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். தேர்வுக்கு என் வாழ்த்து.