சொந்தமும் அறிமுகமும்: மார்க் கிரானவெட்டரின் ஆய்வுகள் குறித்து ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நெல்லையில் சமூகவியல் முதுகலை படித்துவருகிறேன். சொந்த ஊர் ஆலங்குளம் பக்கம்; அம்மா பீடி சுற்றுகிறார். நெருங்கிய உறவினரைவிட, எப்போதாவது பார்க்கும் அறிமுகக்காரர்கள் வழியாகவே பலருக்கும் வேலை கிடைக்கிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் கண்டதாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் பார்த்தது இதற்கு நேர்மாறு. எங்கள் ஊரிலிருந்து தாராவிக்குப் போனவர்களும், சென்னையில் பலசரக்குக் கடைகளுக்குப் போனவர்களும் மாமாவையோ சித்தப்பாவையோ பிடித்துத்தான் போனார்கள். அப்படியானால் அவர் சொன்னது நமக்குப் பொருந்துமா? அதே மனிதர் கலவரங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார் என்று வகுப்பில் சொன்னார்கள். வேலைக்கும் கலவரத்துக்கும் என்ன தொடர்பு?

ம.,
ஆலங்குளம்

அன்புள்ள ம.,

உங்கள் ஐயத்துக்கு விடை காண, கிரானவெட்டர் யாரிடம் என்ன கேட்டார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1943இல் பிறந்து, பிரின்ஸ்டனில் வரலாறு படித்து, ஹார்வர்டில் சமூகவியலாளர் ஹாரிசன் வைட்டிடம் ஆய்வு செய்து 1970இல் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரில், அண்மையில் வேலை மாறியிருந்த 282 ஆண்களிடம், அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். எல்லோரும் மேலாளர்கள், தொழில்நுட்ப வல்லுநர்கள் போன்றவர்கள். தெரிந்தவர் மூலம் கிடைத்தது என்றவர்கள் 56 சதவீதம். அப்படிப் பெற்றவர்களில் 54 பேரிடம், தகவல் தந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்துவந்தீர்கள் என்று நேரில் கேட்டபோது, அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே; எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம், மிக அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம்.

காரணம் எளிது. என் நெருங்கிய நண்பர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். அவர்களிடம் சுற்றும் செய்தி எனக்கும் முன்பே தெரிந்திருக்கும். நான் அறியாத வட்டத்தில் புழங்குபவர் அறிமுகக்காரர்தான். இந்தக் கருத்தை முன்வைத்த கட்டுரையை 1969இல் ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. 1973இல் வேறோர் இதழில் வெளிவந்த பின், சமூகவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளுள் ஒன்றாக அது ஆயிற்று.

அந்த 282 பேரில் ஒரு பெண்கூட இல்லை, ஒரு கூலித் தொழிலாளிகூட இல்லை. அதை அப்படியே ஆலங்குளத்துக்குப் பெயர்த்துவர முடியாது. யான்ஜி பியான் என்ற சமூகவியலாளர் சீனத்தின் தியான்ஜின் நகரில் 1988இல் திரட்டிய தரவுகளைக் கொண்டு 1997இல் எழுதிய கட்டுரை இங்கே உதவும். அரசே வேலைகளைப் பகிர்ந்தளித்த அந்த நகரில், காலியிடம் பற்றிய செய்தியைவிட அதிகாரியின் தயவே முக்கியமாக இருந்தது. அதைக் கேட்டுப் பெற நெருங்கிய உறவு தேவைப்பட்டது. நம் பலசரக்குக் கடை முதலாளிக்கும் ஆள் கிடைப்பது பெரிய காரியமில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கப்போகும் பையனுக்கு யார் பொறுப்பு என்பதே அவர் கேள்வி. அந்தப் பொறுப்பை மாமாதான் ஏற்கிறார். ஆக, செய்தி அறிமுகத்தின் வழியும் உத்தரவாதம் சொந்தத்தின் வழியும் வருகின்றன என்று நான் புரிந்துகொள்கிறேன். நீங்கள் பார்த்ததும் கிரானவெட்டர் பார்த்ததும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை.

இனிக் கலவரம். 1978இல் கிரானவெட்டர் எழுதிய கட்டுரை ஒரு கற்பனைக் கணக்கை முன்வைக்கிறது. சதுக்கத்தில் 100 பேர் கூடியிருக்கிறார்கள். தனக்கு முன் எத்தனை பேர் இறங்கினால் தானும் இறங்குவேன் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவர் யாருக்கும் காத்திருக்காதவர், அடுத்தவருக்கு ஒருவர் இறங்கினால் போதும், அதற்கடுத்தவருக்கு இருவர், இப்படியே கடைசி ஆளுக்கு 99 பேர். முதல் கல் விழுந்ததும் ஒருவர் பின் ஒருவராக 100 பேரும் இறங்கிவிடுவார்கள். இப்போது, ஒருவர் இறங்கினால் போதும் என்றிருந்தவரை மட்டும் நீக்கி, இருவராவது வேண்டும் என்பவரை நிறுத்துங்கள். ஒரு கல்லோடு எல்லாம் நின்றுவிடும். முதல் ஊரைப் பற்றி வெறிகொண்ட கூட்டம் என்றும், இரண்டாம் ஊரைப் பற்றி ஒரு கிறுக்கன் கல் எறிந்தான், பொதுமக்கள் அமைதி காத்தனர் என்றும் செய்தி வரும். இரண்டு ஊருக்கும் வேறுபாடு ஒரே ஓர் ஆள்.

'அந்த ஊர்க்காரன்களே அப்படித்தான்' என்ற பேச்சை நம் மாவட்டத்தில் டீக்கடைதோறும் கேட்கலாம். தொண்ணூறுகளின் சாதி மோதல்களுக்குப் பிறகு எத்தனையோ ஊர்களின் பெயரோடு அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. நடந்ததைக் கொண்டு ஒரு ஊரின் மனத்தை அளக்கக் கூடாது என்பதை இந்தக் கணக்கைவிடத் தெளிவாகச் சொன்ன ஒன்றை நான் படித்ததில்லை. இதனால் கல் எறிந்தவரின் குற்றம் குறையாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட தொடர்பும் இதே கட்டுரையில் இருக்கிறது: வேலையோ கலவரமோ, யாருக்கு யாரைத் தெரியும் என்பது முக்கியம். முன்பின் தெரியாத ஒருவரின் செயலைவிட நண்பரின் செயல் இரு மடங்கு எடை பெறுவதாக வைத்துப் பார்த்தால், கூட்டத்தின் முடிவு எப்படி மாறுகிறது என்று அவர் கணக்கிட்டுக் காட்டுகிறார். 1973 கட்டுரையிலோ, நகரச் சீரமைப்பு என்ற பெயரில் இடிக்கப்பட்ட பாஸ்டனின் வெஸ்ட் எண்ட் பகுதியை எடுத்துக்கொள்கிறார். அங்கே தங்கி ஆராய்ந்த சமூகவியலாளர் ஹெர்பர்ட் கேன்ஸ், அம்மக்கள் ஒன்றுதிரண்டு எதிர்க்க முடியாததற்கு அவர்களது பண்பாட்டில் காரணம் தேடினார். கிரானவெட்டர் வேறொரு காரணத்தை முன்வைத்தார். ஒவ்வொரு நட்புக் குழுவும் தனக்குள் இறுகியிருந்தது. குழுவுக்கும் குழுவுக்கும் இடையே பாலம் இல்லாமல் போயிருக்கலாம்.

இவ்விரண்டையும் சேர்த்து நம் ஊர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கவலை மிகுகிறது. ஒரு மாணவனின் நண்பர்கள் அனைவரும் ஒரே தெருவினர் என்றால், அவர்களில் ஒருவன் இறங்குவதே அவனுக்கு இரண்டு பேர் இறங்கியதற்குச் சமம். எதிர்த் தெருவில் முகம் தெரிந்த ஒருவன்கூட இல்லாதபோது அவனைத் தயங்கவைப்பது எது? மாணவர்கள் கையில் கட்டும் சாதி நிறக் கயிறுகளை நான் அஞ்சுவது இதனால்தான். பக்கத்து பெஞ்சில் தானாக ஏற்படக்கூடிய சாதாரண அறிமுகத்தையும் அந்தக் கயிறு முளையிலேயே தடுக்கிறது. நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. நான் அதை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். கயிற்றை அவிழ்ப்பதால் மட்டும் நட்பு வந்துவிடாது. வகுப்பில் யார் பக்கத்தில் யார் அமர்கிறார்கள், கபடி அணியில் யாரெல்லாம் சேர்க்கப்படுகிறார்கள் என்பவற்றிலும் பள்ளி அக்கறை காட்ட வேண்டும்.

உங்கள் ஆய்வேட்டுக்கு என் யோசனை: நியூட்டனில் கேட்கப்படாத பெண்களிடம் கேளுங்கள். அம்மா சுற்றிய பீடியைக் கொடுக்கப் போகும் கடையில் எந்தெந்தத் தெருப் பெண்கள் வருகிறார்கள், வேறு வேலை பற்றியோ பிள்ளையின் கல்லூரி பற்றியோ புதிய செய்தியை யாரிடமிருந்து கேட்டார்கள், அவரை எவ்வளவு அடிக்கடி பார்க்கிறார்கள் என்று அதே கேள்விகளை எழுப்பலாம். மோதலைப் பற்றியும் விசாரிப்பதாக இருந்தால், யார் முதலில் இறங்கினார் என்பதைப் பெயரோடு குறிப்பேட்டில் எழுதாதீர்கள். வழக்கு நடக்கும் ஊரில் அந்தக் குறிப்பேடே உங்களிடம் பேசியவருக்கு ஆபத்தாகலாம்.